அட்டைப் படத்துக்கு ஒரு மூஞ்சி

"பாருங்க மேடம், இதுலயும் முதுகுதான்!"

போட்டோக்காரர் கேமராவை இவ மூக்குக்கு நேரா நீட்டினார்.

பல நாட்டு நர்சுங்க வந்து, காசநோய்க்காரங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படி விடாம மாத்திரை சாப்பிட வைக்கிறதுன்னு கத்துக்கிட்டுப் போற பயிற்சி நிலையம் அது. அங்க நடக்கிறதை ஊருலகத்துக்குச் சொல்ற மக்கள் தொடர்பு அதிகாரி இவ. சாயங்காலம் ஆண்டு மலர் அச்சுக்குப் போயாகணும். அட்டைக்குப் படம் இல்ல. காலையிலேர்ந்து இவ நாற்காலியில உட்கார்ந்தபாடில்ல.

"முதல் பரிசு வாங்கின அந்த நர்ஸ் பொண்ணு மூஞ்சிதான் அட்டையில வரணும். வரலேன்னா அடுத்த வருஷம் உன் மூஞ்சி இங்க இருக்காது"ன்னு நிலையத் தலைவர் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிருந்தார். அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னாத்தான் பயம்.

ஆனா அந்தப் பொண்ணு பிடி குடுத்தாத்தானே! எல்லாரும் சேர்ந்து நின்னா, குனிஞ்சு செருப்பு வாரை மாட்டுவா. பரிசு வாங்கினப்போ சட்டம் போட்ட சான்றிதழையே மூஞ்சிக்கு முன்னால பிடிச்சுக்கிட்டா.

"முதுகழகி!" போட்டோக்காரர் பேரே வெச்சுட்டார். "பெரிய ரதின்னு நினைப்பு, மேடம்."

"திமிருங்க. வேறென்ன?"

அந்த நேரம் பார்த்து போன் அடிச்சுது. மாமியார்.

"ஏம்மா, தையல்காரி வந்துட்டுப் போயிட்டா."

"சரி அத்தை, வேலையா இருக்கேன்."

தையல்காரின்னா, துணிப்பையும் கழுத்துல அளவு டேப்புமா வாராவாரம் வீட்டுக்கு வர்றவ. இதுல எதிர் வீட்டுக்காரிக்குத்தான் தூக்கம் போச்சு. 'இத்தனை தடவை வர்றா, அந்த வீட்டுல ஒரு புதுத்துணியைக் கண்ணால பார்க்கலியே!' அவ லேசுப்பட்டவ இல்ல. குப்பைக் கூடையைப் பார்த்தே அந்த வீட்டுச் சண்டையைச் சொல்லிடுவா. மேல்மாடிக்காரருக்கு என்னமோ இருமல்னு ஒரு தடவை கிளப்பிவிட்டா. அவ்வளவுதான், அந்த மனுஷன் லிப்டுல ஏறினா மத்தவங்கல்லாம் மூச்சு வாங்கப் படியேறினாங்க. பாவம், கடைசியில வீட்டையே காலி பண்ணிட்டுப் போனார்.

அது கிடக்கட்டும். மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துல யாரோ என்னமோ ஜோக் சொல்ல, முதுகழகி தன்னை மறந்து சிரிச்சா. தூணுக்குப் பின்னால நின்ன போட்டோக்காரர் விடுவாரா? 'கிளிக்'.

படம்னா படம், அப்படி ஒரு படம்! இவ ஓடிப் போய் அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, தானே யோசிச்ச வாசகத்தைப் பெரிய எழுத்துல மேல போட்டா: 'மறைக்காதீங்க! காசநோய் வெட்கப்படுற விஷயம் இல்ல!'

அனுப்பப் போற நேரத்துல கதவைத் தள்ளிக்கிட்டு அந்தப் பொண்ணே வந்து நின்னா. எவனோ உளறியிருக்கான்.

"மேடம், அந்தப் படத்தை எடுத்துடுங்க."

"ஏம்மா? உன்னைக் கௌரவப்படுத்தினா கசக்குதா? உன்னால என் வேலையே ஊசலாடுது, தெரியுமா?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். எங்க ஊர்ப் பக்கம் என்னை நர்சுன்னு யாருக்கும் தெரியாது. சீப்பு, கண்ணாடி, ஊசிநூல் விக்கிறவன்னுதான் தெரியும். கூடைக்கு அடியில மாத்திரை இருக்கும்."

"எதுக்கு இந்த வேஷம்?"

"நான் நர்சுன்னு தெரிஞ்சா, படியேறுற வீட்டையெல்லாம் ஊரே கை நீட்டிக் காட்டுமே! ஒரு வீட்டுல பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்காங்க. இன்னொருத்தர் வாடகைக்கு இருக்கார், தெரிஞ்சா அன்னிக்கே சாமான் தெருவுக்கு வந்துடும். உங்க மலரோட அட்டை எங்க ஆஸ்பத்திரிச் சுவர் வரைக்கும் வரும், மேடம். என் மூஞ்சி தெரிஞ்சா, கதவைத் திறக்க மாட்டாங்க. மாத்திரை நின்னுடும்."

இவ விடல. "மறைக்கக் கூடாதுன்னுதானே இங்க படிச்சுப் படிச்சுச் சொல்றோம்? பாரு, எழுதியே வெச்சிருக்கேன்!"

அந்தப் பொண்ணு வாசகத்தைப் படிச்சா. "நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா இதை நோயாளி படிச்சு என்ன பண்ணுவாங்க? அவங்க எதிர் வீட்டுக்காரங்கல்ல படிக்கணும்!"

எதிர் வீட்டுக்காரங்க.

இவளுக்குச் சுரீர்னுது. படத்தை அழிச்சா.

"மேடம்! தலைவர் கேட்டா?" போட்டோக்காரர் பதறினார்.

"முதுகையே போடுங்க. என் வேலை போனா போகட்டும்."

அந்தப் பொண்ணு கையெடுத்துக் கும்பிடவும், மறுபடி போன் அடிக்கவும் சரியா இருந்துச்சு.

"ஏம்மா, எதிர் வீட்டுக்காரி வந்து கூடத்துல உட்கார்ந்துக்கிட்டு நகரவே மாட்டேங்கிறா. அவளுக்கும் துணி தைக்கணுமாம், தையல்காரி நம்பர் வேணுமாம். என்ன சொல்லட்டும்?"

இவ சட்டுனு சுவர்ப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. குரல் தானா இறங்கிச்சு.

"புதுசா யாருக்கும் தைக்கிறதில்லையாம்னு சொல்லி அனுப்பிடுங்க அத்தை. இருமல் வந்தா அவ முன்னால இருமாதீங்க, உள்ள போயிடுங்க. அப்புறம், தையல்காரி குடுத்துட்டுப் போன மாத்திரையை அவ கண்ணுல படாம அரிசிப் பானைக்குள்ள வெச்சுடுங்க."