சீட்டின் பின்பக்கம்

லாரி உரிமையாளர் சங்கமே வந்து, "எங்களுக்கு இன்னும் கடுமையான சட்டம் வேணும்" என்று மனு கொடுத்தால் யார்தான் நம்புவார்கள்?

போக்குவரத்துத் துறை அதிகாரியம்மாள் நம்பவில்லை. இருபது வருஷம் ரோட்டில் நின்று லாரிகளை மடக்கியவள் அவள். லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பேர் 'நிறுத்தம்மா'. அது காதில் விழும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும். அதற்காக ஒரு வண்டியையும் சும்மா விட்டதில்லை.

எதிரே சங்கத் தலைவர். அவருடைய வண்டிகளைத்தான் அவள் அதிகமாக நிறுத்தியிருக்கிறாள்.

மேலதிகாரி காலையிலேயே சொல்லிவிட்டார். இவர்களே சட்டம் கேட்கிறார்கள் என்றால் ஏதோ உள்குத்து இருக்கிறது, ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடு என்று. இன்று திருப்பினால், அரசு எழுதிக்கொண்டிருக்கும் புது விதிகளில் இந்த மனுவுக்கு இடமில்லை. தலைவருக்கும் அது தெரியும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார்.

குறை கண்டுபிடிக்கத்தான் படித்தாள்.

சக்கரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் கம்பித் தடுப்பு. சறுக்கி விழும் பைக்காரர் லாரிக்கு அடியில் போகக் கூடாது. நாலு மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. கரும்புகை கக்கும் இன்ஜினை மாற்ற ஒரு கெடு. கூடுதல் அச்சு பூட்டிய வண்டிக்குக் கூடுதல் பாரம். மூன்று நடை போகும் இடத்தில் இரண்டு நடை போதும், ரோடும் தாங்கும்.

எங்கேயும் ஓட்டை இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"யார் எழுதிக் கொடுத்தது? வக்கீலா?"

"இல்லம்மா."

"அதானே. லாரிக்கு அடியில படுத்துப் பார்த்தவங்கதான் இப்படி எழுத முடியும்."

"ஆமாம்மா" என்று தலைவர் சிரித்தார்.

கடைசிப் பக்கத்தில் குறை அகப்பட்டது. 'மனுவைத் தயாரித்தவர்' என்ற கட்டம் காலி.

"பேர் இல்லாத மனுவை நான் வாங்க முடியாது. எடுத்துட்டுப் போங்க."

தலைவர் எழுந்திருக்கவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட இந்த வேலையெல்லாம் வேணாம்."

"திறந்து மட்டும் பாருங்கம்மா."

உள்ளே, வண்டிகளை நிறுத்தி அவள் கொடுத்த அபராதச் சீட்டுகள். எல்லாவற்றையும் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள்.

சீட்டின் முன்பக்கம் குற்றத்தை எழுதினால் போதும். அவளோ பின்பக்கத்தில், இதை எப்படிச் சரி செய்வது, இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று கைப்பட நாலு வரி எழுதுவாள். சீட்டு கொடுக்கச் சொன்னால் கட்டுரை எழுதுகிறாள் என்று ஆபீஸே கிண்டலடித்த வழக்கம். இதையெல்லாம் எவன் படிக்கப் போகிறான் என்று அவளே அலுத்துக்கொண்டதுண்டு.

"முன்பக்கத்தைப் படிச்சு உங்களைத் திட்டுவோம்மா. பின்பக்கத்தைப் படிச்சு வண்டியைச் சரி பண்ணுவோம். பதினோரு வருஷமா எங்க சங்க வண்டியால ஒரு உயிர் போகல. ஊர்ல ஓடுற எல்லா வண்டிக்கும் இது வரணும்னுதான் வரிக்கு வரி எடுத்து எழுதினோம்."

அவள் ஒரு சீட்டை எடுத்துத் தன் கையெழுத்தையே பார்த்தாள். பெருமையிலும் அழுகை வரும் என்று இந்த வயதில்தான் தெரிந்தது.

"அந்தக் கட்டத்துல உங்க பேரைப் போடணும்னு சங்கத்துல எல்லாருக்கும் ஆசை. ஆனா நிஜப் பேரைப் போட்டா எங்க ஆளுங்களுக்கு யாருன்னே தெரியாது. அதான்…" தலைவர் மென்று விழுங்கினார்.

அவள் பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"நிறுத்தம்மான்னே போடுங்க."