பதில் வராத பெயர்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று பி.ஏ. முதலாமாண்டில் சேர்ந்திருந்த சேவுகனுக்கு, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதெல்லாம் பழைய பட்டாள முகாம் ஒன்று நினைவுக்கு வரும். ஒரு பனிச்சரிவுக்குப் பிறகு அங்கேயும் இப்படித்தான் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பலருடைய பெயருக்குப் பதிலே வரவில்லை.

“இளமாறன்,” என்றார் பேராசிரியர். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. “இளமாறன்!”

அந்த அமைதியைத் தாங்க முடியாமல் சேவுகன் எழுந்து, “பிரசன்ட் சார்!” என்று கத்திவிட்டார்.

வகுப்பே சிரித்தது.

“இந்த வயசுல நீங்களே அடுத்தவனுக்கு ப்ராக்ஸி குடுக்கலாமா?” என்றார் பேராசிரியர்.

“யாராவது போய் அவனத் தேடுங்க சார்.”

சேவுகனின் குரல் நடுங்கியதில் சிரிப்பு அடங்கிப்போனது. பின்வரிசைப் பெண் ஒருத்தி இளமாறனைக் கைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.