பத்துக்குப் பத்து

அலுவலகத்தில் நூற்றிருபது பேர் மனநிம்மதிப் படிவம் நிரப்பியதில் பத்துக்குப் பத்து போட்டிருந்தவர் ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் இரண்டு, மூன்றோடு சரி. ஒருவராவது தேறியதாகக் காட்டாவிட்டால் ஊழியர் நலப் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்ததால், நல அதிகாரி குமாஸ்தாவின் மேஜைக்கே ஓடினாள்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"படுத்தா விடிஞ்சுதான் முழிக்கிறேன் மேடம்."

"மேனேஜர் கத்தினா?"

"பாவம், அவருக்கு வீட்டுல என்ன கஷ்டமோன்னு தோணுது."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "எல்லாம் நான் சொல்லிக்குடுத்த மூச்சுப் பயிற்சிதானே?"

"அதைச் சாப்பாட்டு நேரத்துல இல்ல வைக்கிறீங்க? நான் சாப்பிடப் போயிடுவேன்."

"அப்போ எப்பலேர்ந்து இந்த நிம்மதி?"

"ராஜினாமா குடுத்ததுலேர்ந்து. நோட்டீஸ்ல இன்னும் ஒன்பது நாள் பாக்கி. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த லெட்டர் காப்பி இருக்கா?"

மாலையில் முதலாளி கேட்டார். "என்னம்மா, ஒருத்தராவது தேறினாங்களா?"

"ரெண்டு பேர் சார்" என்று தன் கடிதத்தை நீட்டினாள்.