பதினோரு வயிறுகள்

டென்மார்க்கின் அந்தச் சிற்றூரில் பதினோரு பேருக்கு ஒரே நாளில் வயிற்றுப்போக்கு. உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஈவர் நேராகக் கெர்டாவின் பன்றிப் பண்ணைக்கு வந்து, விற்பனைக்குத் தடை போட்டார்.

"மாசாமாசம் என் பன்னிங்களுக்கு ரத்தப் பரிசோதனை நடக்குது சார். மனுஷங்களுக்கு எப்போ?" என்றாள் கெர்டா.

"கிருமி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. இருபது வருஷ அனுபவம்!"

இரண்டு வாரம் தூக்கமில்லாமல் தவித்தாள் கெர்டா. பிறகு ஈவரே தொலைபேசியில் அழைத்தார்.

"உங்க பன்னிங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா. சால்மோனெல்லா கிருமி முட்டைக் கிரீம்ல இருந்திருக்கு. பதினோரு பேரும் ஒரே விருந்துல சாப்பிட்டவங்க."

"எந்த விருந்து?"

"எங்க ஆபீஸ்ல... உணவுப் பாதுகாப்பு தின விருந்து."

"கிரீம் செஞ்ச மகராசன் யாரு?"

ஈவர் தொண்டையைச் செருமினார். "நான்தாம்மா."