இழுவைக்கட்டை

மேல்தோட்டத்துச் சரிவில் இறங்குகிறவர்கள் பைக்குக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்து வருவார்கள். ஏலக்காய் மூட்டையோடு அந்தச் சரிவில் இறங்க பிரேக் மட்டும் போதாது. சூடேறி, பாதி வழியில் பிடிப்பு விட்டுப்போகும். அடிவாரத்தில் அவிழ்த்துப் போடும் கட்டைகள் போதுமணியின் டீக்கடை அடுப்புக்கு விறகு. ஒரு கட்டை வந்தால் ஓர் ஆள் பத்திரமாக இறங்கிவிட்டான் என்று அவளுக்கு அர்த்தம்.

அன்று மாலை ஒச்சப்பன் தன் கட்டையைப் போட்டுவிட்டு டீ கேட்டான். "தம்பி பின்னாடி வர்றான்க்கா. அவன் பைக்குக்கும் நான்தான் கட்டை கட்டிவிட்டுட்டு வந்தேன்."

அவன் பாதி டீ குடித்திருக்கும்போது, புதர்களை முறித்துக்கொண்டு ஒரு கட்டை மட்டும் தனியாக உருண்டு வந்து கடைவாசலில் நின்றது. போதுமணி குனிந்து அதன் கயிற்று நுனியைப் பார்த்தாள். பாதிக்கு மேல் வழுவழுவென்று அறுபட்டிருந்தது. மிச்சம்தான் பிய்ந்திருந்தது.

"என்ன ஒச்சப்பா இது, கத்தி வச்ச மாதிரி இருக்கு?"

அவன் எழுந்து வந்து கட்டையைத் தூக்கினான். கயிறு முதலில் எரியும்படி அடுப்புக்குள் செருகினான். மேலே, கட்டை உரசும் சத்தம் இல்லாமல், பைக்கின் சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு பெருத்துக்கொண்டே வந்தது.

"தம்பி இன்னும் வரலையேப்பா" என்றாள் அவள்.

ஒச்சப்பன் தம்ளரை எடுத்து ஊதினான்.

"வந்துருவான்க்கா. இனி வெரசா வந்துருவான்."