பிஸ்கட் நிறம்

பட்டறையிலிருந்து வந்த தனசிங் கைகூடக் கழுவவில்லை. மனைவியின் மொபெட் முன்னால் குந்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார்.

ஞானஜோதி வாசலில் நின்றாள். தினமும் ஆறரை மணிக்கு இதுதான்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. மீட்டர் ஓடாது. மெக்கானிக்குக்கு மீட்டர் தேவையுமில்லை. ஊருக்குள் மெதுவாக உருட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும். தூரம் விரட்டினால் காய்ந்து பிஸ்கட் நிறமாகும்.

அவள் வேலை செய்யும் தாம்பரம் மருந்துக்கடைக்குப் போய்வந்தால் கரி. கேளம்பாக்கம் போய்வந்தால் பிஸ்கட்.

கேளம்பாக்கத்தில் மகள் ஜென்சி இருக்கிறாள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் வாசலை மிதித்தால் இந்த வாசலுக்கு வராதே என்று தனசிங் சொல்லி ஒரு வருடமாகிறது.

ஜென்சியின் பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதி வரும் வெள்ளிக்கிழமை. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

இந்த மாதம் முழுக்க, கடை மூடும் மதிய நேரத்தில் ஞானஜோதி தினமும் போய்வந்தாள். போவதற்கு முன் கருப்பு பிளக்கைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவாள். திரும்பும் வழியில் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நிறுத்தி, மறுபடி கருப்பு. இன்று பயத்தில் அதன்மேல் இரண்டு சொட்டு ஆயிலும் தடவியிருந்தாள்.

தனசிங் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பினார்.

“இன்னா ஜோதி, வண்டி ஓட்றியா, வடை சுட்றியா? எண்ணெ சொட்டுது.”

அவள் சிரித்தாள். மூச்சு வந்தது.

“பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும். தொறந்து பாத்துட்றேன்.”

“இப்பவேவா? டீ குடிச்சிட்டுப் பாக்கலாங்க.”

“நாலு நட்டுதான்.”

நான்கும் கழன்றன. இன்ஜினின் மூடியான சிலிண்டர் ஹெட் அவர் கையோடு வந்தது.

தனசிங் உள்ளே பார்த்தார். பிஸ்டனின் தலையை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார்.

அவளால் பிளக்கை மட்டும்தான் மாற்ற முடிந்திருந்தது.

அவளும் எட்டிப் பார்த்தாள். உள்ளே எல்லாம் காய்ந்த பிஸ்கட் நிறம். சிலிண்டர் சுவரில் ஒரு கீறல் இல்லை; எதுவும் தேயவில்லை.

அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“தேஞ்சிதான் போச்சி,” என்றார்.

ஹெட்டைக் கந்தல் துணியில் சுற்றித் தன் பையில் போட்டு, ஜிப்பை இழுத்தார்.

“நாளையிலேர்ந்து நானே கடைல வுட்றேன். மத்தியானமும் நானே வந்து இட்டாறேன்.”

“எத்தினி நாளைக்குங்க?”

“வண்டி ரெடியாவற வரைக்கும்.”