புத்தி சொல்ல வந்தவர்

"பாங்கு ஆர்டர் வந்த வீட்டுல எழவு விழுந்த மாதிரி ஏன்ட்டி உக்காந்திருக்கே?"

செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார் பூவனநாதன். டிரஷரியில் தலைமைக் குமாஸ்தா. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. சொந்தத்தில் எவனாவது தடம் மாறினால் அவரைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

"பின்னே குலவை போடவாண்ணே?" என்றாள் தங்கை சத்தியபாமா. "ஒங்க மருமவன் பாங்குக்குப் போக மாட்டானாம். லாரி ஓட்டப் போறானாம்."

"என்ன லாரி?"

"தீப்பெட்டி லோடு ஏத்துத லாரி. எனக்குத் தெரியாம ஹெவி லைசென்ஸ் எடுத்து வச்சிருக்கான். மத்தியானம் நாக்பூர் கெளம்புதாம். வழி பழக இவனும் போறானாம். திரும்பி வர பத்து நாள் ஆகும். பாங்குல புதன்கிழமை சேரணும். சேரலேன்னா வேலை அடுத்தவனுக்கு. நான் இவனுக்கு இங்கிலீஷ் கிராமர் சொல்லிக் குடுத்தது, முன்னால போற லாரி முதுகுல 'ஹாரன் ப்ளீஸ்'னு எழுதியிருக்கதப் படிக்கவா?"

கணவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவர் போய் உட்காரும் இடம் அது.

செண்பகராஜ் தோளில் பையோடு வந்து நின்றான்.

"ஏலே, உக்காரு."

"நேரமாவுது மாமா."

"லாரி எங்கயும் ஓடிறாது. உக்காரு." காபியைக் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார். "இருபத்தி மூணு வயசுல லாரி இனிக்கும். நாப்பதுல இடுப்பு கழண்டுரும். அம்பதுல கண்ணு மங்கும். பாங்குன்னா கடைசி வரைக்கும் பேன் காத்து. வேலைங்கிறத இன்னைக்கு ருசிக்குதான்னு பாக்கப்பிடாது. கடைசியில நின்னு திரும்பிப் பாக்கணும். அப்பதான் எது நல்லதுன்னு தெரியும்."

அப்படிச் சொல்லுங்கள் என்பதுபோல் சத்தியபாமா தலையை ஆட்டினாள்.

"நீங்க இப்பக் கடைசியிலதான மாமா நிக்கீங்க? திரும்பிப் பாத்தா ஒங்களுக்கு என்ன தெரியுது?"

"துடுக்குப் பேச்சைப் பாரு!" என்றாள் அம்மா.

"கேக்கட்டும்ட்டி. ஏன், எவ்வளவோ இருக்கு..." என்றவர் நிறுத்தினார். யோசித்தார். காபியில் ஆடை படிந்தது.

"ஒரு தடவை ஆடிட்டுக்குப் போற வழியில, குளத்தூருக்கு இந்தப் பக்கம் ஜீப்பு நின்னுபோச்சு. மழை பேஞ்ச கரிசலு. டயரு முங்கிப் போச்சு. ஆபீசர் பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு தள்ளுதாரு. டிரைவரும் தள்ளுதான். ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு நான்! எனக்கு எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாது. ஆடு மேய்க்கிறவரு ஒருத்தரு, 'சாமி, கண்ணைத் தொறந்துக்கிட்டு ஓட்டுங்க'ன்னாரு பாரு..."

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அண்ணன் அப்படிச் சிரித்து சத்தியபாமா பார்த்து எத்தனையோ வருஷம்.

"மாமா, அது ஆபீஸ் வேலையே பாக்காத நாளுல்லா?"

பூவனநாதனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன கேள்வி இது? அண்ணே, பென்ஷனைப் பத்திச் சொல்லுங்க!"

அவர் பென்ஷனைப் பற்றிச் சொல்லவில்லை. ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"வாலே, லாரி செட்டுக்கே போவோம். ஓனர்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

சத்தியபாமாவுக்கு உயிர் வந்தது. பையன் வாயை அடைக்க முடியாவிட்டால் என்ன, ஓனர் வாயை அடைத்துவிட்டால் போதும். அண்ணன் அண்ணன்தான். அவருக்கும் சேர்த்து உலையில் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள்.

மூன்று மணிக்கு செண்பகராஜ் மட்டும் வந்தான். தோளில் பை இல்லை. திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தான்.

"மாமா எங்கலே?"

"போயிட்டாவ."

"சாப்பிடாமயா? வீட்டுக்கா?"

"நாக்பூருக்கு."

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"வெளங்கும்படியாச் சொல்லித் தொலை!"

"டிரைவரு, கிளீனரு போக ஒரு ஆளுக்குத்தாம்மா எடம். ஓனர்ட்ட ஒரு வார்த்தைகூடப் பேசல. 'தள்ளுலே, சீட்டு எப்படி இருக்குன்னு பாப்போம்'னு ஏறி உக்காந்தாவ. எறங்கவே இல்ல. என் பையையும் வாங்கி மடியில வச்சுக்கிட்டாவ. ஆபீசுக்கு வயித்துவலின்னு சொல்லணுமாம்."

சத்தியபாமாவுக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. உடனே முந்தானை கண்ணுக்குப் போயிற்று.

"பாத்தியாலே எங்க அண்ணனை! சொன்னா நீ கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டாவ. ஒன் எடத்தை அடைச்சு ஒன்னை நிறுத்திட்டாவ. இந்த வயசுல, மாத்து வேட்டிகூட இல்லாம, ஒனக்காக அம்புட்டுத் தூரம் குலுங்கிக்கிட்டுப் போறாவளே! இனியாவது பாங்குல ஒழுங்கா சேந்துரு."

"சேந்துருதேம்மா. அடுத்த லோடு பத்து நாள் கழிச்சுத்தானாம். மாமா எனக்காகத்தான் ஏறுதாவன்னு நானும் மொதல்ல நெனச்சேன்."

"பின்னே?"

செண்பகராஜ் தலையைச் சொறிந்தான்.

"லாரி நகரும்போது டிரைவர்ட்ட கேட்டாவம்மா: 'அண்ணாச்சி, நாக்பூருக்கும் அங்கிட்டு எங்கெல்லாம் லாரி போவும்?'"